சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

கேள்வி: பாடம் ஏறாமல் தவிக்கும் மாணவனுக்குச் சக மாணவனே சொல்லிக்கொடுப்பது, வெளிநாட்டிலிருந்து வந்த யோசனைதானே?

பதில்: வந்ததல்ல, போனது. அதுவும் சென்னை எழும்பூரிலிருந்து!

1789-இல் அங்கிருந்த ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கைக்கு வந்தது. உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. 'சரி, போங்கள்' என்று எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பொடியன் சாதித்துவிட்டான்! அப்புறமென்ன, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதே அந்தப் பள்ளியின் வழக்கமாகிவிட்டது. வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களான சட்டாம்பிள்ளைகளோடு பழகிய நம்மூருக்கு இதில் என்ன ஆச்சரியம்?

1797-இல் பெல் இதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் அது பரவியது. ஆசிரியர் சம்பளம் மிச்சம் என்ற கணக்கும் அதற்குள் உண்டு.

பெல் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-இல் திறந்த பள்ளி இன்றும் நடக்கிறது. பெயர், மெட்ராஸ் காலேஜ்.