பொய்ப் பட்டுக்கு ஒரு தீக்குச்சி போதும்

பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஈரத்தை மல்பெரி இலையே கொடுத்துவிடுகிறது. இலைக்கு மழையும் கிணறும் கொடுக்கின்றன. மழையோ ஊருக்கு ஊர் வேறு. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று கனமானது; டியூட்டீரியம் என்று பெயர். கடலில் இருந்து கிளம்பும் மேகம் கனத்த தண்ணீரை முன்னதாகக் கொட்டிவிடும். உள்நாட்டுக்கும் மலைக்கும் போகப் போக லேசானதுதான் மிச்சம். அந்தக் கணக்கு இலைக்குள் புகுந்து, புழுவுக்குள் புகுந்து, நூலில் பதிந்துவிடுகிறது. தோட்டத்தில் போட்டது யூரியாவா, மாட்டுச் சாணமா என்பதைக்கூட நைட்ரஜன் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

நிலையான ஐசோடோப்பு ஆய்வு என்பது இதுதான். முந்தானையில் ஒரு நூலை உருவிக் கருவியில் கொடுப்பார்கள். ஊர் தெரிந்த பட்டு மாதிரிகளோடு அதை ஒப்பிடுவார்கள். சீனாவில் ஹாங்சோ நகரத்துத் தேசியப் பட்டு அருங்காட்சியகம் பழம்பட்டின் பூர்வீகத்தை இப்படித் தேடுகிறது. அமெரிக்கா 2021-ல் உய்குர் கட்டாய உழைப்புத் தடைச் சட்டம் போட்டது. கப்பலில் வந்து இறங்கும் சட்டையில் உய்குர் பகுதியான சின்ஜியாங்கின் பருத்தி ஒளிந்திருக்கிறதா என்று அந்த ஊர் சுங்கத்துறை பார்ப்பதும் இதே வகைச் சோதனையில்தான்.

புழு பொய் சொல்லாது. சங்கடமே அதுதான்.

இந்தக் கருவி நம் பக்கம் வருகிறது என்று வையுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஓரகடம் தொழிற்பேட்டையில் இடம் ஒதுக்குவார்கள். அடிக்கல், ஆளுயர கட்-அவுட், மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொன்னாடை. அந்தப் பொன்னாடையை மட்டும் யாரும் கருவியில் வைக்கக் கூடாது.

சரி, கருவி என்னதான் கண்டுபிடிக்கும்? காஞ்சிபுரம் பட்டு காஞ்சிபுரத்தில் விளைந்ததல்ல என்று. இதற்கு ஆய்வகம் எதற்கு? அந்த ஊரில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள். நூல் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டு. சீனத்து நூலும் வந்து போகும். ஜரிகைக்கு சூரத். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது புழு அல்ல, கை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து ஒன்றோடொன்று கோக்கும் கோர்வை. முந்தானைப் பாவைப் புடவைப் பாவோடு இழை இழையாகச் சேர்க்கும் பேட்னி. 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு இந்தக் கைக்குத்தான்.

அந்தக் கை நெய்ததா, விசைத்தறி அடித்துத் தள்ளியதா? இதை மட்டும் கருவியிடம் கேட்காதீர்கள். இரண்டிலும் டியூட்டீரியம் ஒன்றுதான். புழு தின்ற இலையின் மழையைச் சொல்லும் விஞ்ஞானத்துக்கு, நெய்தவன் யார் என்று சொல்ல வழியில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அரசாங்கத்தில் ஆய்வாளர் பதவியில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் போகிறது.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. கைத்தறிக்கு ஒதுக்கிய புடவையை விசைத்தறியில் நெய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு பட்டு ஏறியது. தங்கம் ஏறியது. சட்டமன்ற உறுப்பினர் சம்பளம் ஏறியது. முப்பத்தைந்து வருஷம் கழித்து 2020-லும் அபராதம் அதே 5,000. ஒரு முகூர்த்தப் புடவைக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கும் தொகை அது. திருடுவதற்கு அரசாங்கமே நிர்ணயித்த கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். புவிசார் குறியீட்டுச் சட்டம் இன்னும் கறார். பொய்யாகப் பெயர் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். படிக்க நன்றாக இருக்கிறது. இந்தக் குற்றத்துக்காக உள்ளே போன ஒரு ஜவுளி முதலாளியின் பெயர் உங்களுக்குத் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

திருப்பதிக்குப் போவோம். 2025 டிசம்பரில் தேவஸ்தானமே சொன்ன கதை இது. பிரமுகர்களுக்குப் போர்த்தும் மல்பெரி பட்டுச் சால்வை என்று விலை கொடுத்து வாங்கியது பாலியெஸ்டர். 2015 முதல் 2025 வரை. 54 கோடி ரூபாய்க்கு மேல். ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தெரிந்துகொண்டார்கள்.

பட்டு புரதம். அதில் நைட்ரஜன் உண்டு. பாலியெஸ்டர் பெட்ரோலியத்தின் பிள்ளை; அதில் நைட்ரஜனே கிடையாது. ஐசோடோப்பு எல்லாம் எதற்கு? ஒரு நூலைக் கொளுத்தினால் பட்டு, முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கருமணியாக இறுகிவிடும். நம் பாட்டிகள் அத்தனை பேருக்கும் தெரிந்த பரிசோதனை. டெண்டர், கிடங்கு, தணிக்கை, அறங்காவலர் என்று எத்தனை கை மாறியிருக்கும்! பொழுது விடிந்தால் விளக்கும் கற்பூரமும் ஏற்றுகிற இடத்தில் ஒருவர் கையிலும் தீக்குச்சி இல்லை. தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயில் இருந்து இரண்டு ரூபாய் ஆனது. அந்தப் பத்து வருஷத்தில் பாதிக்கு மேல் ஒரு ரூபாய்தான் செலவு ஆகியிருக்கும்.

இனி காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலைச் சாலைக்குத் திரும்பலாம். இங்கே மூலம் அறிவது ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து போகும் செல்போன் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. காரில் ஒரு பாகம் பழுது என்றால் எந்தத் தொகுதியில் வந்தது என்று தேடிப் பிடித்துத் திரும்ப அழைக்கிறார்கள். பெயர் விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் சங்கம் வைத்தார்கள். பதிவு செய்யப் போனால், சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக் கூடாது, அது எங்கள் வணிகக் குறி என்று கம்பெனி நின்றது. தொழிலாளர் துறை கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. 37 நாள் வேலைநிறுத்தம். உயர் நீதிமன்றம். 2025 ஜனவரியில்தான் பதிவு.

கவனியுங்கள். ஒரே மாவட்டம். ஒரே அரசாங்கம். கம்பெனியில் வேலை பார்க்கிறவன் தன் கம்பெனியின் பெயரைத் தன் சங்கத்துக்கு வைக்க மாதக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். காஞ்சிபுரத்தைக் கண்ணால் பார்த்திராத விசைத்தறி முதலாளி ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று லேபிள் ஒட்ட ஒரு நிமிஷம் போதும். கொரியாக்காரன் பெயருக்குக் காவல் உண்டு. நம் ஊர்ப் பெயர் திறந்த வீடு.

நெய்த கைகள் எங்கே போயின என்று இனிமேல் கேட்பார்கள். கருத்தரங்கம் நடத்துவார்கள், ‘அடுத்த தலைமுறை ஆர்வம் காட்டவில்லை’ என்று வருத்தப்படுவார்கள். விடியற்காலையில் காஞ்சிபுரம் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த பிள்ளைகள் அடையாள அட்டையோடு ஏறுகிறார்கள். ஆர்வத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மாதம் முடிந்தால் கணக்கில் பணம் விழும் இடத்தில் ஆர்வம் காட்டுகிறார்கள். தறியில் அப்பாவுக்கு விழுந்தது கூலி பாக்கி.

அந்த ஐசோடோப்புக் கருவி முடியையும் படிக்கும். முடியும் பட்டைப் போலப் புரதம்தான். ஒருவர் தட்டில் மீனும் இறைச்சியும் எவ்வளவு விழுந்தன என்று நைட்ரஜன் சொல்லிவிடும். லட்ச ரூபாய்ப் புடவை நெய்தவரின் தலைமுடியில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். வைக்க மாட்டார்கள். அறிக்கை வந்துவிடுமே.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொளுத்திப் பார்க்கக் குஞ்சத்தில் ஒரு நூல் கேளுங்கள். பில்லில் ‘கைத்தறி, காஞ்சிபுரம்’ என்று எழுதி, முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.