கால் சதவீதச் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் கோபித்துக்கொண்டு போகிற பெரியப்பா ஒருவர் இருப்பார். ஃபிக்ஸட் டெபாசிட் போடுகிற சித்தப்பாவும் ஒருவர் இருப்பார். பெரியப்பாவைக் கல்யாண மண்டபத்தில் தூரத்திலேயே அடையாளம் கண்டு ஒதுங்கிக்கொள்ளலாம். சித்தப்பா அப்படியில்லை. பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் கேட்டுவிடுவார்: "உங்க பேங்க்ல 444 நாளைக்கு எவ்வளவு தர்றான்?"

குரோம்பேட்டைப் பக்கம் போனால் தெருவுக்கு இரண்டு பேரைப் பார்க்கலாம். அரசுத் துறையில் கணக்குப் பிரிவு, ஓய்வு பெற்றுப் பல வருஷம், சர்க்கரை கட்டுக்குள், ரத்த அழுத்தம் ரிசர்வ் வங்கியின் கையில். சம்பளம் வாங்கிய காலத்தில் காலை பத்தரைக்குத்தான் ஆபீஸ் போனார். இப்போது ஒன்பதே முக்காலுக்கு வங்கி வாசலில் நிற்கிறார், ஷட்டர் தூக்குகிறவருக்குக் கை கொடுக்கவும் தயாராக. கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. உள்ளே ஆதார் நகல், பான் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு, சொந்தப் பேனா இரண்டு, ஒரு சின்னக் கோந்துப் புட்டி. வங்கியில் கோந்து காய்ந்திருக்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அந்தக் கோந்துதான். பேனாவை மட்டும் இரவல் தரமாட்டார்.

பையின் அடியில் டைரி. அதில்தான் அவருடைய ராஜ்யம் இருக்கிறது. சிவப்பு மையில் கோடு போட்டு, வங்கி, தொகை, வட்டி, முதிர்வுத் தேதி, யார் பெயர் முதலில் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார். மாதத்துக்கு ஒரு டெபாசிட்டாவது முதிர வேண்டும் என்பது ஏற்பாடு. வட்டி ஏறினால் கொஞ்சம் பணம் கைக்கு வந்து புது விகிதத்தில் உட்காரும். இறங்கினால் மீதிப் பணம் பழைய விகிதத்தில் நிம்மதியாகத் தூங்கும். முதலீட்டு ஆலோசகர்கள் இதே ஏற்பாட்டை ஏணி என்று படம் போட்டுக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். அவர் இதைச் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துச் செய்கிறார்.

அவருக்கு நம்மைப் போல ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று காலம் ஓடுவதில்லை. 400 நாள், 444 நாள், 555 நாள் என்று ஓடுகிறது. இந்த எண்களை வங்கிகள் எந்த ஜோசியரைக் கேட்டு வைக்கின்றனவோ தெரியாது. ஆனால் 444 நாள் என்றால் ஒரு வருஷமும் 79 நாளும் என்பதைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பேத்தி எப்போது பள்ளிக்கூடம் சேர்வாள் என்று கேட்டால், "அந்த 555 முடியறப்போ" என்கிறார்.

மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவசப் பயணம் உண்டு. மற்றவர்கள் அதில் கோயிலுக்குப் போவார்கள். இவர் வட்டி விகிதம் விசாரிக்கப் போவார். தாம்பரத்தில் ஒரு வங்கி கால் சதவீதம் கூடுதலாகத் தருகிறது என்று காதில் விழுந்தால் அன்றைக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது. கால் சதவீதம் என்றால் லட்சத்துக்கு வருஷத்தில் 250 ரூபாய். "இந்த வெயிலில இதுக்கா அலையறீங்க?" என்பாள் சித்தி. "250 ரூபாயைக் கீழ போட்டா நீ குனிஞ்சு எடுக்கமாட்டியா?" என்பார். மூட்டுவலி உள்ள சித்தியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. கவர்னர் காலை பத்து மணிக்கு டி.வி.யில் வரும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. 2025 பிப்ரவரியில், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 6.50இலிருந்து 6.25 ஆனபோது ஒரு இட்லி குறைத்துக்கொண்டார். ஏப்ரலில் 6 ஆனது. ஜூனில் ஒரே அடியாக அரை சதவீதம் வெட்டி 5.50 என்று அறிவித்தபோது டி.வி.யை அணைத்துவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் "வீட்டுக் கடன் வாங்கினவன்லாம் நல்லா இருக்கட்டும்" என்றார். அவருடைய சொந்த மகனே வீட்டுக் கடன் வாங்கியவன்தான். அன்று மாலை அவன் தவணை குறையும் என்று சந்தோஷமாகப் போன் செய்தான். அப்பா பேசவில்லை.

நல்ல வேளையாக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதுவரை யாரும் கை வைக்கவில்லை. 8.2 சதவீதம், ஐந்து வருஷம், ஒருவருக்கு 30 லட்சம் வரை. முழுத் தொகையும் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வந்து விழும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகள்தான் இவருக்குப் பண்டிகைகள். அதில் ஏப்ரல் முதல் தேதி கணக்கு முடிப்புக்காக வங்கிக்கு விடுமுறை விடுகிறார்கள் என்பதில் அவருக்குத் தீராத வருத்தம் உண்டு. மறுநாளே 15எச் படிவங்களோடு புறப்படுவார். மொத்த வருமானத்துக்கு வரி வராதவர்கள் வட்டியில் வரி பிடிக்காதீர்கள் என்று 2026 மார்ச் வரை எழுதிக் கொடுத்த படிவம் அது. ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திய நகல் வாங்காமல் நகரமாட்டார்.

ஏன் இத்தனை வங்கி என்று கேட்காதீர்கள். கேட்டால் 2020 நவம்பரைச் சொல்வார். கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று ஒரு சாயங்காலம் தடை வந்தது. பத்தே நாளில் அதை டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இவருக்கு அந்த வங்கியில் கணக்கே கிடையாது. இருந்தும் அந்தப் பத்து நாளும் தூங்கவில்லை. வங்கி படுத்தால் டெபாசிட் காப்பீடு ஐந்து லட்சம் வரைதான், அதுவும் ஒரு வங்கிக்கு ஒரு ஆளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, எத்தனை கிளையில் போட்டாலும் ஒரே கணக்கு என்பதை அப்போதுதான் வரிவரியாகப் படித்தார். அதிலிருந்து எந்த வங்கியிலும் 4,30,000க்கு மேல் போடுவதில்லை. ஏழு சதவீதத்தில் இரண்டு வருஷம் கழித்து 4,94,000 சொச்சம் வரும், வேலிக்குள்ளேயே நிற்கும்.

கூட்டுக் கணக்கில் பெயர் வரிசையை மாற்றினால் அது தனிக் கணக்கு, தனிக் காப்பீடு என்கிற விதியையும் அதிலேயே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பாதி டெபாசிட்டுகளில் சித்தியின் பெயர் முதலில் இருக்கிறது. "கல்யாணப் பத்திரிகையிலகூட என் பேர் ரெண்டாவதுதான்" என்று சித்தி நெகிழ்ந்துபோனாள். காரணம் காப்பீடு என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பயம் இவரோடு பிறந்ததல்ல, சென்னையின் பூர்வீகச் சொத்து. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்கிற வங்கி கவிழ்ந்து ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பை விழுங்கியது. அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி அய்யரும் மற்றவர்களும் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியை ஆரம்பித்தார்கள். தொண்ணூறுகளில் முச்சந்திக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்து, பொழுது விடிவதற்குள் பூட்டு தொங்கிய கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு. 1997இல் முதலீட்டாளர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அப்புறம் ஈமு கோழி வந்தது. கோழி கொடுத்து, தீவனம் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுக்கிறோம் என்றார்கள். "கோழி முட்டை போடும், குஞ்சு பொரிக்கும், ஆனா செக்கு போட்டு நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு நம் சித்தப்பா எழுந்து வந்துவிட்டார். 2012இல் அந்தக் கோழிகளுக்குத் தீவனம் போடக்கூட ஆள் இல்லாமல் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டி வந்தது. அன்று கோழியில் போட்டவர்கள் இன்றைக்கும் இவரைப் பார்த்தால் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

வங்கிக்குள்ளேயே விற்க வருகிறவர்களையும் இவரால் சமாளிக்க முடியும். புதிதாக வந்த பெண் ஒருநாள் காப்பி வரவழைத்துக் கொடுத்து, வழவழப்பான காகிதம் ஒன்றை நீட்டினாள்.

"சார், இதுல போடுங்க. அஞ்சே வருஷம். எஃப்.டி.யைவிட நல்லா வரும்."

"இது டெபாசிட்டாம்மா?"

"டெபாசிட் மாதிரிதான் சார்."

"மாதிரின்னா வேண்டாம்மா. அசலே இருக்குல்ல, அதுல போடு."

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்கு இவரைத் திருத்துவது ஒரு லட்சியம். ஏழு சதவீத வட்டியில் முப்பது சதவீத வரி போனால் கையில் நிற்பது 4.9, விலைவாசி அதையும் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். "முப்பது சதவீதம் உனக்கு. எனக்கு 15எச்" என்றார். அவன் விடவில்லை. மூன்று மாதத்துக்கு வைக்க வேண்டிய பணம்தானே, லிக்விட் ஃபண்டில் போடுங்கள், கேட்டால் மறுநாள் வந்துவிடும் என்றான்.

"நஷ்டம் வருமா?"

"பெரும்பாலும் வராது சித்தப்பா."

அந்த 'பெரும்பாலும்' போதும். 2020 ஏப்ரலில் ஒரு நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் இழுத்து மூடியதை எடுத்து விட்டார். அவை லிக்விட் ஃபண்டுகள் அல்ல என்று பையன் சொன்னது எடுபடவில்லை.

கடைசியில் ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் தளத்தைத் திறந்தான். கருவூல உண்டியல்: 91, 182, 364 நாள், குறைந்தது பத்தாயிரம். 5.5 சதவீதக் கணக்கில் இன்று ஏறக்குறைய 98.65 ரூபாய் கொடுத்தால் 91ஆம் நாள் 100 ரூபாயாகத் திரும்பி வரும். சர்க்காருக்கே நேராகக் கடன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாள் கணக்கு வேறு ஒற்றைப்படையாக இருந்தது, அது பிடித்திருந்தது. "ரசீது எங்கப்பா?" என்றார். காகிதம் கிடையாது, திரையில்தான் தெரியும் என்றான். பத்தாயிரம் போட்டார். திரையை அச்செடுத்து லேமினேட் பண்ணி டைரிக்குள் வைத்துக்கொண்டார். 91ஆம் நாள் பணம் வந்ததும் அதற்கு மேல் 'முடிந்தது' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினார். இன்னும் அதை எல்லாருக்கும் எடுத்துக் காட்டுகிறார்.

அவரை நாம் கேலி செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னால் குடும்பம் முழுக்க இவருக்குத்தான் போன் செய்கிறது. முன்கூட்டியே உடைத்தால் வட்டி குறையும், டெபாசிட் மேல் கடன் வாங்கினால் பொதுவாக ஒரு சதவீதமோ இரண்டோதான் கூட, எது லாபம் என்று ஆட்டோவில் வரும்போதே கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். பங்குச் சந்தையில் பணம் வைத்திருக்கும் மருமகன்கள் அந்த நேரத்தில், "இப்ப மார்க்கெட் கீழ இருக்கு மாமா" என்பார்கள்.

2025 நவம்பரிலிருந்து வங்கி டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை வாரிசு நியமனம் செய்யலாம் என்று வந்தது. அதுவரை ஒரு பெயர்தான். பழைய டெபாசிட் ஒன்றில் காலஞ்சென்ற அவருடைய அம்மா பெயரே இன்னும் இருந்தது. நாலு பேர் என்றதும் வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. சித்திக்கு 40, மகனுக்கு 25, மகளுக்கு 25. மிச்சம் 10 சதவீதம் நின்றது.

"அதை என் தம்பி பேர்ல போடுங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா பதில் சொல்லாமல் டைரியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். '98 ஜூன். மச்சினன் கைமாற்று. 20,000.' வட்டி விகிதக் கட்டத்தில் ஒரு கோடு. முதிர்வுத் தேதியில் ஒரு கோடு. வருஷா வருஷம் புது டைரிக்கு மாற்றி எழுதி வந்திருக்கிறார்.

"அதையும் இதுல கழிச்சுக்கிட்டாப் போச்சு" என்றாள் சித்தி.

"எந்த வட்டிக்குக் கழிக்கிறது? அப்போ கிசான் விகாஸ் பத்திரம் அஞ்சரை வருஷத்துல இரட்டிப்பு." கால்குலேட்டரைத் தேடினார். "இந்த டிசம்பரோட இருபத்தேழரை வருஷம். அஞ்சு தடவை இரட்டிப்பு. 40, 80, 1,60, 3,20..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பார்த்தார். "6,40,000. அஞ்சு லட்சத்தைத் தாண்டிடுச்சே! உன் தம்பி படுத்துட்டான்னா இன்சூரன்ஸ்கூடக் கிடைக்காது."