ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?

போன மாதம் 20-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு என் வீட்டில் நெட் போனது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு 20-ஆம் தேதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் இரக்கம் வராது. ஜிஎஸ்டி கணக்கை ஏற்றக் கடைசி நாள் அது. ஒரு நாள் தப்பினால் ஐம்பது ரூபாய் தண்டம். ஐம்பது ரூபாயெல்லாம் ஒரு காசா என்று கேட்பவர், போடிக்குப் போய் நான் கணக்கு எழுதும் ஏலக்காய் வியாபாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். உள்ளங்கையில் பத்துக் காயை உருட்டிப் பார்த்தே எந்தத் தோட்டம், எத்தனையாவது பறிப்பு என்று சொல்லிவிடுகிற மனிதர். ஐம்பது ரூபாய் அவர் கண்ணில் படாமல் போகாது.

நெட் போனதும் என் மகள் மாடியிலிருந்து "அப்பா, நெட்டு போச்சு" என்றாள். நான்தான் போகச் சொல்லி அனுப்பியதுபோல ஒரு தொனி. அடுப்படியிலிருந்து மனைவி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மதினியும் அதையே கேட்டார். அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

பண்ணினேன். மோடமும் கம்ப்யூட்டரும் ஒரே ஸ்விட்ச் போர்டில் தொங்குவதால் மொத்தமாக அணைத்து, மொத்தமாகப் போட்டேன். இந்த வைத்தியத்தை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. தாத்தா பாட்டி காலத்தில் டிவியைத் தட்டுவார்கள், ரேடியோவைத் தூக்கி வெயிலில் வைப்பார்கள். அதிலாவது ஒரு கைவேலை இருந்தது. இப்போது எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் அந்தப் பையனும் இதையே சொல்கிறான். ஏழு தடவை பண்ணிவிட்டேன் தம்பி என்றால், "பரவால்ல சார், ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்கிறான். அவன் சாட்சியாக இல்லாமல் நடந்த ஏழும் செல்லாது. நான் என்ன செய்தேன் என்றால், நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொல்லையில் கொய்யா மரத்தைப் பார்த்தபடி மனதுக்குள் முப்பது எண்ணிவிட்டு, "பண்ணிட்டேன் தம்பி" என்றேன். "இப்ப லைட்டு எப்படி எரியுது சார்?" "செவப்பாத்தான் எரியுது." அவனுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவனைத் தெரியும். புகார் எண் கொடுத்தான். பதினான்கு இலக்கம்.

நெட் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்றே விஷயம். கத்தரித்து வைத்துக்கொண்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு உபயோகப்படும்.

முதல் விஷயம், மோடத்தில் சிவப்பு விளக்கு. அது சிமிட்டினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் இல்லை, ஒயரில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் ஒயர் ஒட்டாது. எங்கள் ஊரில் ஃபைபர் ஒயர் கரண்டுக் கம்பம், தென்னை மரம், டீக்கடைத் தகரம் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று அதையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பையன் வந்தான். பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்ன மெஷினை வைத்து, தலைமுடி கனத்துக்கு இருக்கும் கண்ணாடி இழை இரண்டை நேருக்கு நேர் வைத்துப் பொறி தட்ட வைத்து ஒட்டினான். பக்கத்தில் மாடு போனது, மினி பஸ் போனது, அவன் கை ஆடவில்லை. இந்தக் கட்டுரையில் நான் குறை சொல்லாத ஒரே ஆள் அவன்தான். அவனும் கிளம்பும்போது, "வீட்ல போயி ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருங்கண்ணே" என்றான். போகட்டும்.

விளக்கு பச்சையானது. மகளின் போனில் நெட் வந்தது. என் கம்ப்யூட்டரில் வரவில்லை. ஆக, இரண்டாவது விஷயம், வைஃபை.

மோடம் முன் அறையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் உள் அறையில். நடுவில் என் தாத்தா கட்டிய சுவர், முழங்கை நீளக் கனம். சுவரோடு ஒட்டி என் மாமனார் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ. சுவரைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வரும் கொஞ்சநஞ்ச வைஃபையும் பீரோவில் முட்டித் திரும்பிவிடுகிறது. பீரோவை நகர்த்தலாமே என்பீர்கள். என் மாமனார் கொடுத்த பீரோவை உங்கள் வீட்டுப் பீரோபோல நினைக்கிறீர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் இருப்பது பொட்டிபுரம். பெயரைக் கேட்டதும் உங்களுக்கு நியூட்ரினோ ஞாபகம் வந்திருக்கும், வராவிட்டால் நீங்கள் பேப்பர் படிக்கிறவர் இல்லை. எங்கள் அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, உள்ளே 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி நிறுத்தி நியூட்ரினோவைப் பிடிக்கப்போவதாகச் சொன்னார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகு வழக்கு, தடை, பசுமைத் தீர்ப்பாயம், மறுபடி அனுமதி, மறுபடி வழக்கு. 2022-இல் தமிழக அரசு, இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது. மலை மலையாகவே நிற்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. காட்டையும் தண்ணீரையும் நினைத்து ஊர் பயந்தது நியாயமான பயம். ஆனால் அந்த வருஷங்களில் டீக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு நியூட்ரினோவைப் பற்றித் தேவைக்கு மேல் தெரிந்துபோனது.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ, உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் பாய்ந்துகொண்டிருக்கிறது. நகத்தை வெட்டினாலும் பாயும். ராத்திரியில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, மொத்தப் பூமியையும் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து மேலே வருகிறது. ஈயத்தில் சுவர் கட்டி அதில் பாதியையாவது நிறுத்த வேண்டுமானால், சுவர் ஓர் ஒளியாண்டு கனம் இருக்க வேண்டுமாம். அப்பேர்ப்பட்ட சரக்கைப் பிடிக்க ஏன் மலைக்குள் போக வேண்டும் என்றால், வானத்திலிருந்து கொட்டும் மற்ற துகள்களை ஒரு கிலோமீட்டர் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் நிற்காமல் உள்ளே வந்துவிடும். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே அப்படிப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். மலைக்குள் நியூட்ரினோ வருகிறது. என் தாத்தா சுவருக்குள் வருகிறது. என் மாமனார் பீரோவுக்குள், அதில் இருக்கும் என் மனைவியின் கல்யாணப் பட்டுக்குள், பட்டுக்கு அடியில் எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும் ஆறாயிரம் ரூபாய்க்குள் விநாடிக்குப் பல லட்சம் கோடி வருகிறது. யாரும் அதைக் கேட்கவில்லை, மாதச் சந்தா கட்டவில்லை, அதற்குப் புகார் எண் கிடையாது. அமைச்சரவை கூடினாலும் வருகிறது, நீதிமன்றம் தடுத்தாலும் வருகிறது. மாதம் அறுநூறு ரூபாய் கொடுத்து, வா சாமி வா சாமி என்று நான் கூப்பிடும் வைஃபை மட்டும் பதினைந்து அடி தாண்டி வர மாட்டேன் என்கிறது. டீக்கடையில் இதைச் சொன்னபோது, "அப்ப நியூட்ரினோவுலயே நெட்டு விட வேண்டியதுதானண்ணே" என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. 2012-இல் அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தில் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 240 மீட்டர் பாறையைத் துளைத்துக்கொண்டு 'நியூட்ரினோ' என்ற ஒரு வார்த்தையை நியூட்ரினோ மூலமாகவே அனுப்பினார்கள். வேகம், பத்து விநாடிக்கு ஒரு பிட். கணக்குப் போட்டேன், எனக்குத்தான் தொழிலே அது. ஓர் எழுத்துக்கு எட்டு பிட் என்றாலும் எண்பது விநாடி. வியாபாரியின் ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்து, இருபது நிமிஷத்தில் போய்விடும். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்திருந்தால் நாலு மணிக்குள் பெயர், முகவரி எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் என் மோடம் அனுப்பியது பூஜ்யம்.

எங்கே விட்டேன்? வைஃபை. நீள ஒயர் ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்து நேராகவே கம்ப்யூட்டரில் செருகினேன். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தது. உங்கள் வீட்டிலும் ஒடிந்துதான் இருக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். நெட் வந்துவிட்டது என்று கம்ப்யூட்டரே சொன்னது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும், இது பாதுகாப்பானது இல்லை, போகாதே என்கிறது. வங்கியா, போகாதே. வரித் தளமா, போகாதே. நல்லெண்ணத்தில் சொல்கிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். நாலு வருஷம் படிக்க வைத்த பையன். "சித்தப்பா, ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்." போனை வைத்துவிட்டேன்.

ராத்திரி எட்டரைக்குத்தான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2010 ஜனவரி 1.

கம்ப்யூட்டருக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்டு இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது எப்போதோ செத்திருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதாலும், நான் ஸ்விட்ச் போர்டை அணைக்கிறவன் இல்லை என்பதாலும் எனக்குத் தெரியவில்லை. காலையில் ஊரே சொன்னது என்று போர்டை அணைத்தேன் பாருங்கள், அந்த நிமிஷமே அது 2010-க்குப் போய்விட்டது. ஒவ்வொரு தளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2010-இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அவையெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். சரி, நீயே நெட்டில் பார்த்துத் தேதியைத் திருத்திக்கொள் என்று பட்டனை அமுக்கினால், உன் தேதி ரொம்பத் தள்ளியிருக்கிறது, முதலில் தேதியைச் சரி செய்துவிட்டு வா என்கிறது. தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

யோசித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் பக்கம் நியாயம் இருக்கிறது. அது இருக்கும் வருஷத்தில் ஜிஎஸ்டியே கிடையாது, அது வந்தது 2017 ஜூலை 1. இல்லாத வரிக்குக் கணக்குக் கட்டு என்று நான்தான் அதைப் படுத்தியிருக்கிறேன். 2010 ஜனவரியில் போடியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டிப்பட்டி கணவாயில் இறங்கி நடந்துவிடலாம் என்று தோன்றும் வேகம், ஆனால் ஓடியது. அந்த வருஷக் கடைசியில் அகலப் பாதை போடுகிறோம் என்று நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. பன்னிரண்டரை வருஷம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது என்றால் ரயில்வேதான் பண்ணியது, நாமெல்லாம் முப்பது விநாடியில் பொறுமை இழக்கிறோம்.

தேதியைக் கையால் மாற்றினேன். தளம் திறந்தது. ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, கொள்முதல், விற்பனை, ஐந்து சதவீத வரி, கழிவு எல்லாம் ஏற்றினேன். பதினொன்றே காலுக்குக் கடைசிப் பட்டனை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் கை தானாகப் போய் ஸ்விட்ச் போர்டை அணைத்துப் போட்டது.

2010 ஜனவரி 1.

மறுபடி தேதியை மாற்றி உள்ளே போவதற்குள் பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஐம்பது ரூபாயை நான்தான் கொடுத்தேன், வியாபாரியிடம் சொல்லவில்லை. அவர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். மறுநாள் போடியில் அந்தப் பேட்டரி முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது.

மூன்றாவது விஷயம் என்ன என்பது மறந்துவிட்டது. ஞாபகம் வந்தால் எழுதுகிறேன். அதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். பண்ணிப் பார்த்துவிட்டேன்.