நாலு கம்பி போட்டால் நாலு கால் பாய்ச்சலா?

வாசகர், அத்திப்பட்டு: நிலக்கரி யார்டில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை எனக்கு. ஒரு பி.எல்.சி., 20 எனர்ஜி மீட்டர்கள், மோட்பஸ் ஆர்.டி.யூ., இரண்டு கம்பி ஆர்.எஸ்.485. "ஹாஃப் டூப்ளெக்ஸ் சார், அதான் ஸ்லோ. நாலு கம்பி இழுத்து ஃபுல் டூப்ளெக்ஸ் ஆக்கிட்டா டபுள் ஸ்பீடு" என்கிறார் கான்ட்ராக்டர். ஆக்கலாமா?

டபுள் ஆகப்போவது கேபிள் பில். மாஸ்டர் கேட்டால்தான் ஸ்லேவ் வாய் திறக்கும். பதில் வரும்வரை (அல்லது காத்திருந்து அலுக்கும்வரை) மாஸ்டரும் அடுத்த கேள்வி கேட்காது. 1979-இல் மாடிகான் நிறுவனம் போட்ட சட்டம் அது. கூடுதல் ஜோடிக் கம்பி சும்மாதான் தொங்கும்.

கணக்குப் பாருங்கள். 9600 பாட் வேகத்தில் 10 ரிஜிஸ்டர்களைக் கேட்டு வாங்க, போக வர 33 எழுத்துகள். சுமார் 38 மில்லி செகண்ட். மீட்டர் யோசிக்கும் நேரமும் சேர்த்து 50 என்று வையுங்கள். 20 மீட்டருக்கு ஒரு செகண்ட். மீட்டர்கள் ஏற்குமானால் 38400-க்கு மாற்றுங்கள், அந்த 38 பத்துக்குள் அடங்கிவிடும். செலவு, செட்டிங் மாற்ற நாலு பட்டன் அமுக்குவது.

வாசகர், திருவொற்றியூர்: எங்கள் லைனில் சில பதில்களுக்குத் தலையையே காணோம். சி.ஆர்.சி. எரர் வருகிறது.

மாஸ்டர் பேசி முடித்தும் லைனை விடவில்லை போலிருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் அணையத் தாமதமானால், அவசரக்கார மீட்டரின் முதல் எழுத்து அதில் மோதிச் சாகும். மீட்டரில் ரெஸ்பான்ஸ் டிலேயைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 120 ஓம் ரெசிஸ்டர் லைனின் இரு கோடியில் மட்டுமே இருக்கவேண்டும். மீட்டருக்கு ஒன்று மாட்டிவைத்த புண்ணியவான்களும் உண்டு. டெர்மினல் ஸ்க்ரூவையும் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்று செம்பில் பச்சை பூக்கவைக்கும்.

வாசகர், ராயபுரம்: ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு உதாரணம்?

துறைமுக வாக்கி-டாக்கி. "ஓவர்" சொன்னால்தான் எதிராளிக்கு முறை. செல்போன் ஃபுல் டூப்ளெக்ஸ். அந்த வசதியைச் சம்பந்திகள் முழுசாகப் பயன்படுத்துகிறார்கள்.

அத்திப்பட்டு வாசகரே மறுபடி: அப்போ ஃபுல் டூப்ளெக்ஸ் தண்டமா?

யார் சொன்னது? கன்ட்ரோல் ரூமுக்கு அலாரம் ஏறும்போதே கட்டளை இறங்கவேண்டுமென்றால் ஈதர்நெட் ஸ்விட்ச் போடுங்கள். செம்புக் கேபிள் 100 மீட்டர்தான் தாங்கும். கன்வேயர் நீளத்துக்கு ஃபைபர். ஒன்று மட்டும்: ஒரு போர்ட்டில் "ஃபுல்" என்று அடித்துவைத்து, மறுமுனையை "ஆட்டோ"வில் விடாதீர்கள். அது ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் ஒழுங்காகப் போகும், லோடு ஏறினால் பாக்கெட் உதிரும். இரண்டு முனையும் ஆட்டோ, இல்லையேல் இரண்டும் ஃபுல்.