கைக்குழந்தைத் தரப்பிலிருந்து இத்தாலிய அரசுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: குடும்பம், பிறப்பு வீதம், சமவாய்ப்பு ஆகியவற்றுக்கான அமைச்சர் அலுவலகம், ரோம்.

பொருள்: நடக்கத் தெரியாத ஒருவர் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் நகரங்களை ஒரே வாரத்தில் சுற்றிப்பார்க்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அலுவலகத்தாருக்கு,

2022இல் பதவியேற்ற அரசு இந்த அலுவலகத்தின் பெயரிலேயே பிறப்பு வீதத்தைச் சேர்த்து எழுதியதையும், அதன் பிறகும் பிறப்புகள் குறைந்துகொண்டே போய் 2024இல் சுமார் 3,70,000 ஆனதையும், ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையாகிய கருவள வீதம் 1.18ஆக இறங்கியதையும் விண்ணப்பதாரர் தரப்பு வருத்தத்துடன் அறிந்திருக்கிறது. விண்ணப்பதாரர் எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தைகளுக்கு இவ்வளவு தட்டுப்பாடு நிலவும் நாட்டுக்கு, சொந்தச் செலவில், ஒரு வாரத்துக்கேனும் ஒன்றைக் கொண்டுவர முன்வந்திருக்கும் பெற்றோருக்கு விமான நிலையத்தில் மாலை மரியாதை நடக்கும் என்று எதிர்பார்த்தால் தவறில்லை. எனினும் மாலை வேண்டாம், சாய்தளம் போதும் என்பதே இவ்விண்ணப்பத்தின் சாரம்.

சலுகைகளுக்கு முதற்கண் நன்றி உரித்தாகுக. 4 வயது நிறையாத குழந்தை தனி இருக்கை கேட்காமல் மடியில் அமர்ந்தால் அதிவேக ரயிலிலும் கட்டணம் இல்லை. அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவு இலவசம். வெனிஸுக்குப் பகல்பொழுதுக்கு மட்டும் வந்து போவோரிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் வசூலிக்கப்படும் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் 14 வயதுக்குட்பட்டோருக்கு விலக்கு உண்டு. ஆனால் இத்தாலிய நிர்வாகத்தில் இலவசம் என்பது பணத்திலிருந்து கிடைக்கும் விடுதலையே அன்றி, படிவத்திலிருந்து கிடைக்கும் விடுதலை அன்று. வெனிஸில் இரவு தங்குவோர் அக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை; ஆயினும் செலுத்த வேண்டியதில்லை என்பதை இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ரோமின் பழைய வட்டரங்கமாகிய கொலோசியத்தின் சீட்டுகளில், இடைத்தரகர்கள் மொத்தமாக வாங்கிப் பதுக்குவதைத் தடுக்கும் நல்ல நோக்கத்துடன், 2023 அக்டோபர் முதல் பார்வையாளரின் பெயர் அச்சிடப்படுகிறது. அதன் பயனாக, இன்னும் பல் முளைக்காத ஒருவர் பூஜ்யம் யூரோ சீட்டைக் குறித்த நேரத்துக்கு முன்பதிவு செய்து, சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்றே என்று வாசலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. சீட்டில் 10.30 என்று போட்டிருக்கும். உறக்கமோ எந்த முன்பதிவு முறைக்கும் கட்டுப்படாதது ஆகையால் 10.20க்கு வந்துவிடும்.

விடுதியில் தங்குவோர் அனைவரின் விவரங்களையும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தின்படி விண்ணப்பதாரரின் பெயரும் அங்கே போய்ச் சேரும். இரவில் பொது அமைதியைக் குலைக்கும் உத்தேசம் உண்டா என்ற கேள்வி அப்படிவத்தில் இடம்பெறாதது பெற்றோர் செய்த புண்ணியம்.

இனி, கால்கள் தொடர்பான விவகாரம். ரோமின் பழைய தெருக்களில் பாவப்பட்டிருக்கும் ‘சம்பியெத்ரீனி’ எனப்படும் கறுப்பு எரிமலைக் கற்கள் நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரங்களைத் தாங்கியவை. உள்ளங்கை அகலமுள்ள சக்கரங்களையுடைய குழந்தைத் தள்ளுவண்டி அவற்றின்மேல் உருளும்போது, வாயில் வைத்த ரப்பர் சூப்பான் மூன்றாவது கல்லில் தெறித்து விழுந்துவிடும். ஸ்பானியப் படிக்கட்டு என்று பெயர்பெற்ற 135 படிகளில் உட்காருவதற்கு 2019 முதல் தடை; மீறினால் 400 யூரோ வரை அபராதம். வண்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குச் சட்டத்தில் எவ்விதத் தடையும் இல்லை. நடுவில் மூச்சு வாங்க அமர்வதே குற்றம். புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. அதைக் கட்டிய புரூனெல்லெஸ்கியே 1419இல் அதே ஊரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தையும் வடிவமைக்கத் தொடங்கினார் என்பதையும், அதன் முகப்பில் துணியால் இறுகச் சுற்றப்பட்ட சிசுக்களின் சுடுமண் உருவங்கள் நீல வட்டங்களுக்குள் இன்றும் நிற்கின்றன என்பதையும் பார்க்கும்போது, அந்நகரம் குழந்தைகளை அறியாத நகரம் என்று சொல்ல வாய் வராது. அந்த இல்லத்தின் தாழ்வாரத்துக்கும் படியேறித்தான் போக வேண்டும் என்பது வேறு செய்தி.

வெனிஸைப் பற்றிச் சற்று விரிவாகவே முறையிட வேண்டியுள்ளது. நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளை 400க்கு மேற்பட்ட பாலங்களால் கோத்த அந்நகரில் பாலம் என்றாலே பெரும்பாலும் ஏறும் படிகளும் இறங்கும் படிகளும்தான். அவை படகுகள் அடியில் புகுந்து செல்வதற்காக எழுப்பப்பட்டவை ஆதலால் பழையவற்றின்மேல் குறைகூறுவதில் நியாயமில்லை. ஆனால் ரயில் நிலையத்தின் பக்கத்தை, பேருந்துகள் வந்து நிற்கும் சதுக்கத்துடன் இணைத்து 2008இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் படிகளுடனேயே பிறந்தது. கட்டடக் கலைஞர் கலத்ராவா வரைந்த அப்பாலத்துக்கு அரசியலமைப்புப் பாலம் என்று பெயர். குடிமக்களின் சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கும் தடைகளை நீக்குவது குடியரசின் கடமை என்று அதே அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு கூறுகிறது. சக்கர நாற்காலியில் வருவோர் என்ன செய்வார்கள் என்ற கேள்வி பின்னர் எழுந்து, பாலத்தின் பக்கவாட்டில் தண்டவாளம் பொருத்தி, உருண்டையான கூண்டு ஒன்று 2013இல் இயக்கிவைக்கப்பட்டது. மிக மெதுவாக ஊர்ந்து, கோடையில் உள்ளிருப்போரை வேகவைத்து, பல நாள் பழுதாகி நின்ற அக்கூண்டு 2020இல் கழற்றப்பட்டது. ஆக, 3ஆவது பிரிவின்படி ஒரு தடை நீக்கப்பட்டிருக்கிறது.

சாய்தளம் போடத் தெரியாத ஊரா என்றால், அதுவும் இல்லை. ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்காக நீர்க்கரையோரப் பாலங்களின்மேல் சாய்தளங்கள் அமைக்கப்படுகின்றன. 42 கிலோமீட்டர் ஓடக்கூடிய கால்களை உடையோருக்குப் படியேறும் சிரமம் கூடாது என்ற அக்கறை பாராட்டத்தக்கது. ஓரடியும் எடுத்துவைக்காதவர்களுக்கும் அது நீடித்தால் மேலும் பாராட்டலாம்.

இவ்வளவுக்கும் அந்நாட்டு மக்கள்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. பாலத்தின் அடியில் தள்ளுவண்டி தயங்கி நின்றால், முன்பின் தெரியாத ஒருவர் கேட்காமலேயே முன்சக்கரப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, குழந்தையிடம் கொஞ்சிப் பேசிக்கொண்டே மறுகரையில் இறக்கிவிட்டுப் போகிறார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்ற பழமொழிக்கு இங்கே இரண்டு ஆட்கள் வேண்டும்: ஆட்டுவது மக்கள், கிள்ளுவது நிர்வாகம்.

பயண நாட்களை அடுக்கும் கணக்கு தனி வித்தை. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். அது வேறு நாடு என்பதால் தங்களிடம் முறையிட்டுப் பயனில்லை. புளோரன்ஸின் உஃபீத்சி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. ரயில் வேலைநிறுத்தம் வந்தால் வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் மண்டல ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த உத்தரவாதம்; முன்னறிவிப்பும் கட்டாயம். விண்ணப்பதாரரும் வேலைநிறுத்தம் செய்யக்கூடியவரே. ஆனால் முன்னறிவிப்பும் தருவதில்லை, மாலை 6 முதல் 9 வரையுள்ள நேரத்தையே குறிப்பாகத் தேர்ந்தெடுக்கிறார். உணவகங்களின் அடுப்பு மாலை 7.30 வாக்கில்தான் மூட்டப்படுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். குழைய வெந்த ‘பாஸ்தீனா’ என்னும் பொடிப் பாஸ்தாவைச் சாற்றில் இட்டு, துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி தூவி ஊட்டும் வழக்கம் உலகத்தின் தலைசிறந்த குழந்தை உணவுகளில் ஒன்று. அது 6 மணிக்குக் கிடைத்தால் இன்னும் சிறப்பாக இருக்கும்.

இத்தனையும் வேண்டாம், காரே எடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் ஒருகட்டத்தில் எண்ணினர். இத்தாலியில் பதிவான கார்களில் 4 வயதுக்குட்பட்ட குழந்தை அமர்ந்தால், அதை மறந்துவிட்டு இறங்கும் பெற்றோரை எச்சரிக்கும் கருவி இருந்தாக வேண்டும் என்பது 2019 முதல் நடைமுறை. பெயர்ச்சீட்டு, கடவுச்சீட்டு, காவல்துறைப் பதிவு ஆகிய மூன்றுக்கும் பிறகும் அக்குழந்தையை மறக்கக்கூடிய பெற்றோர் பாக்கியசாலிகள். பழைய நகர மையங்களில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையலாம் என்று வரையறுத்த பகுதிகளைக் கேமராக்கள் காவல் காக்கின்றன. தவறி நுழைந்த வெளிநாட்டவருக்கு அபராத அறிவிப்பை அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கடிதம் வீடு வந்து சேரும் வேளையில் விண்ணப்பதாரர் எழுந்து நடந்துகொண்டிருப்பார். சாய்தளக் கோரிக்கையும் காலாவதியாகியிருக்கும். ஆகவே அதற்கு முன்பாகத் தக்க ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்
(இடது கால் பெருவிரல் ரேகை)