பிட் அடிக்க முடியாத பரீட்சை

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. செல்லுக்குள் பிறந்ததும் தானே சுருண்டு, மடிந்து, ஓர் உருவத்துக்கு வந்துவிடும். சின்னப் புரதங்கள் பல ஒரு செகண்டுக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைக்க நமக்கு நாலு பேரும் பத்து ஊக்கும் வேண்டியிருக்கிறது!

1969-இல் சைரஸ் லெவிந்தால் என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டார். எல்லா மடிப்புகளையும் ஒவ்வொன்றாக முயன்றால் பிரபஞ்சத்தின் வயசே போதாது என்றார். புரதங்கள் அந்தப் பேப்பரைப் படிக்கவில்லை. தம் பாட்டுக்கு மடிந்துகொண்டிருந்தன.

மனுஷன் சும்மா இருப்பானா? மடிந்த உருவத்தைக் கணிக்க அல்காரிதம் எழுதினான். 'கிட்டத்தட்டப் பிடித்துவிட்டோம்' என்று மார்தட்டல் வேறு. ஆனால் சோதித்துப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் விடை தெரிந்த புரதங்களில்! பிட்டை மடியில் வைத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்க எந்த ஊரிலும் கஷ்டமில்லை.

1994-இல் ஜான் மோல்ட் என்ற வாத்தியார் பிட்டைப் பிடுங்கினார். காஸ்ப் என்று ஒரு பரீட்சை. உருவம் இன்னும் வெளியாகாத புரதங்கள்தான் கேள்வித்தாள். கலிபோர்னியாவின் அசிலோமர் கடற்கரையில் ரிசல்ட். காற்று பிரமாதம்; மார்க்தான் சுமார்.

அதே 1994-இல் இங்கிலாந்தில் 'தீம் பார்க்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. சிப்ஸில் உப்பை அள்ளிப் போடு, தாகமெடுத்தவன் கோலா வாங்குவான். அதில் இப்படியொரு ராஜதந்திரம். 17 வயதில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டென்று அலட்சியம் வேண்டாம். டேவிட் பேக்கர் என்ற விஞ்ஞானியின் குழு 'ஃபோல்டிட்' என்று புரதம் மடிக்கும் கேம் ஒன்றை விட்டது. குரங்கு வைரஸ் ஒன்றின் என்சைம் நிபுணர்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் தண்ணி காட்டியது. 2011-இல், வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடியவர்கள் மூன்றே வாரத்தில் அதன் உருவத்தைப் பிடித்தார்கள். அப்பாக்களே, பிள்ளைகளைத் திட்டுமுன் யோசியுங்கள்.

2020 காஸ்ப் பரீட்சையில், ஹசாபிஸ் குழுவின் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு புரோகிராம் 100-க்கு 92 வாக்கில் வாங்கியது. ரகசியம்? ஐம்பது வருஷமாக மற்றவர்கள் பெரும்பாலும் எக்ஸ்ரேயோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த சுமார் 1,70,000 உருவங்களைக் கரைத்துக் குடித்தது. அட, நம்ம டியூஷன் சென்டரின் பழைய வினாத்தாள் டெக்னிக்!

ஆல்ஃபாஃபோல்ட் கடைசி உருவத்தைச் சொல்லும். புரதம் எந்த வழியாக மடிந்து அங்கே போனது என்று மட்டும் சொல்லாது. விடை சரி, ஸ்டெப்ஸ் இல்லை. நம் கணக்கு வாத்தியார் பாதி மார்க்தான் போடுவார். 2024-இல் நோபல்காரர்களும் ஹசாபிஸுக்கும் கூட்டாளி ஜான் ஜம்பருக்கும் சேர்த்துப் பாதிப் பரிசுதான் கொடுத்தார்கள். மீதிப் பாதி, புதுப் புரதங்களையே வடிவமைத்த பேக்கருக்கு!