இறாலும் ஆய்வுக் கட்டுரையும்

கொச்சித் துறைமுகம் வழியே இறாலை அனுப்பினால், அனுப்பியவருக்குப் பணம் வரும். பெண்கள் உடல்நல ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால், பல இதழ்களில் அனுப்பியவர்தான் பணம் கட்ட வேண்டும். அறிவு இறாலைவிட உயர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மதிப்பிடும் பேராசிரியருக்குக் காலணா கிடையாது; அதனால்தான் தரம் கெடவில்லை. மற்ற இதழ்களில் வாசகர் கட்டுகிறார். மாணவர்களுக்காக மூன்றாண்டுச் சந்தாவுக்கு இந்திய அரசே 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

கட்டுரை வெளிவரத் தாமதமாகிறதே என்று முணுமுணுப்பவர்கள் மருந்துகளின் வரலாறு அறியாதவர்கள். கருவுறும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977இல் பரிவோடு சொன்னது. சோல்பிடெம் தூக்க மாத்திரைக்கு 1992இல் அனுமதி. பெண்களுக்குப் பாதி அளவு போதும் என்று அதே துறை அறிவித்தது 2013இல். இடையில் 21 ஆண்டுகள் பெண்கள் நன்றாகத்தானே தூங்கினார்கள்? சிலர் மறுநாள் காலை காரோட்டும்போதும்.

கொச்சிப் பக்கத்து உரிப்புக் கூடங்களில் ஐஸ் தண்ணீரில் இறால் உரிக்கும் பெண்களின் கைப்புண்ணைப் பற்றியும் தாராளமாக எழுதலாம், ஆங்கிலத்தில். அந்தப் பெண்களுக்குப் புரியாதே என்பார்கள். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் மலையாளத்தில்தானே இருக்கிறது; அதற்குமேல் எதற்கு?